டிஎன்ஏ தந்தைமைச் சோதனையில் ஒரு மார்க்கர் மட்டும் பொருந்தவில்லை என்றால் என்ன அர்த்தம்?

கொங்குமணி:

வணக்கம். நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

அவருக்கு நான்கு வயதில் ஒரு மகன். யாரோ காதில் போட்ட பேச்சு மனதை அரித்துக்கொண்டே இருந்ததால், இணையத்தில் ஒரு கிட் வாங்கி, தன் கன்னத்தின் உட்புறத்திலும் பையன் கன்னத்திலும் பஞ்சுக்குச்சியால் தேய்த்து கூரியரில் அனுப்பிவிட்டார். மனைவிக்குத் தெரியாது. இப்போது ரிப்போர்ட் வந்துவிட்டது. 15 மார்க்கர் பார்த்திருக்கிறார்கள். 14 பொருந்துகிறது. டி18எஸ்51 என்ற ஒரு வரிசை மட்டும் பொருந்தவில்லை. அவருக்கு 14, 16. பையனுக்கு 15, 17. கடைசியில் "உறுதியாகக் கூற இயலவில்லை, கூடுதல் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது" என்று ஒரே ஒரு வரி.

"ஒண்ணு பொருந்தலைன்னாலே என் பிள்ளை இல்லைன்னுதானே அர்த்தம்" என்று பிடிவாதமாக இருக்கிறார். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறாராம். இந்தச் சோதனையை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஆய்வகத் தமிழன்:

முதலில் அவரை வக்கீல் வீட்டு வாசல் ஏறாமல் நிறுத்துங்கள். அந்த ரிப்போர்ட்டை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆய்வகம் எழுதியிருக்கும் அந்த ஒற்றை வரிதான் சரியான முடிவு.

நான் டிஎன்ஏ ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் டிஎன்ஏவில் சில இடங்களில் நான்கைந்து எழுத்து கொண்ட ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இந்த இடங்களைத்தான் மார்க்கர் என்கிறோம், ரிப்போர்ட்டில் ஒவ்வொன்றும் ஒரு வரிசை. ரிப்போர்ட்டில் இருக்கும் 14, 16 எல்லாம் அந்த எண்ணிக்கைதான். ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, மற்றது அப்பாவிடமிருந்து வந்தது. டிஎச்01 என்ற மார்க்கரை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 6, 9. பிள்ளைக்கு 9, 9.3 (ஒன்பது முழுத் துண்டும் கூடவே மூன்று எழுத்தும்). அம்மா கொடுத்தது 9, அப்படியென்றால் அப்பாவிடமிருந்து 9.3 வந்திருக்க வேண்டும். சோதிக்கப்படும் ஆணுக்கு 7, 9.3 என்றிருந்தால் அந்த வரிசை பொருந்துகிறது. இப்படி 15, 20, 24 இடங்களில் பார்ப்போம்.

விந்தணு உருவாகும்போது டிஎன்ஏ நகலெடுக்கப்படுகிறது. அப்போது எப்போதாவது ஒரு துண்டு கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். மார்க்கருக்கு மார்க்கர் வித்தியாசம் உண்டு என்றாலும், ஒரு தலைமுறைக்கு ஆயிரத்தில் ஒன்று இரண்டு என்ற அளவில் இது நடக்கிறது. அம்மா பக்கத்தைவிட அப்பா பக்கத்தில் அதிகம். டி18எஸ்51 இந்த மாற்றம் சற்று அடிக்கடி தென்படும் மார்க்கர்களில் ஒன்று. உங்கள் நண்பரின் 16, பையனிடம் 17 ஆகியிருக்கலாம். ஒரே ஒரு படி வித்தியாசம், இப்படிப்பட்ட மாற்றங்களில் பெரும்பாலானவை ஒரு படிதான் இருக்கும். 15 மார்க்கர் பார்க்கும்போது, உண்மையான தந்தை பிள்ளைகளிலேயே நூறு ஜோடிக்கு ஓரிரு ஜோடியில் இப்படி ஒரு வரிசை முட்டும், அதாவது பொருந்தாமல் போகும். எங்களுக்கு இது புதிய காட்சியே இல்லை.

அதனால்தான் ஒரு பொருத்தமின்மையை வைத்து யாரையும் விலக்குவதில்லை. மூன்று அல்லது அதற்கு மேல் முட்டினால்தான் "தந்தை அல்ல" என்று எழுதுவது பரவலான நடைமுறை. சம்பந்தமே இல்லாத ஆள் என்றால் பொதுவாக ஒன்றோடு நிற்காது, வரிசை வரிசையாக முட்டிக்கொண்டு போகும்.

விடாக்கண்டன்:

சார், நீங்கள் சொல்வதைக் கேட்டால் பொருந்தினாலும் அப்பா, பொருந்தாவிட்டாலும் "மாற்றம்" என்று சொல்லி அப்பா என்பது போல இருக்கிறதே? அப்புறம் அந்த 99.99 சதவீதம் எங்கிருந்து வருகிறது? ஆய்வகங்கள் எல்லா ரிப்போர்ட்டிலும் அதே எண்ணைத்தான் போடுகின்றன.

ஆய்வகத் தமிழன்:

கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண் கணக்கிடுவோம். இவர் தந்தையாக இருந்தால் இந்த முடிவு வர எவ்வளவு வாய்ப்பு, அதே சமூகத்தில் ஏதோ ஒரு ஆண் தந்தையாக இருந்தால் எவ்வளவு வாய்ப்பு, இரண்டையும் வகுத்தால் கிடைப்பது தந்தைமைக் குறியீடு. எல்லா வரிசைகளின் எண்களையும் ஒன்றோடு ஒன்று பெருக்கினால் மொத்தக் குறியீடு. அது 9999 என்றால், அதை 10000ஆல் வகுத்து 99.99 சதவீதம் என்று எழுதுகிறோம்.

முட்டிய வரிசையைச் சும்மா விட்டுவிடுவதில்லை. அந்த மாற்றம் எவ்வளவு அரிதோ அந்த அளவுக்குக் கணக்கில் அடி விழும். உதாரணத்துக்குச் சொல்கிறேன். 14 வரிசைகளின் பெருக்கல் 10000 என்று வையுங்கள், முட்டிய வரிசைக்கு 0.003. பெருக்கினால் 30. அதாவது 96.8 சதவீதம். கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும் எங்கள் தொழிலில் இது போதாது, அதனால்தான் "கூடுதல் பரிசோதனை". இன்னும் எட்டு பத்து மார்க்கர் சேர்த்துப் பார்த்தால் உண்மையான தந்தைக்கு அந்த 30 சில லட்சங்களுக்கு ஏறிவிடும். தந்தை அல்லாதவருக்கு இன்னும் இரண்டு மூன்று வரிசைகள் முட்டி, விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆக, எப்படி வந்தாலும் அப்பாதான் என்று நாங்கள் எழுதுவதில்லை.

இன்னொன்று. அந்தச் சதவீதத்துக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. சோதனைக்கு முன்பே இவர் தந்தையாக இருக்க 50க்கு 50 வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கு போடுகிறோம். அதை 10 சதவீதம் என்று மாற்றிப் பாருங்கள். குறியீடு 30ஆக இருந்த 96.8 சதவீதம் 77க்கு இறங்கிவிடும். குறியீடு 10000 என்றால் 99.9க்கு மேலேயே நிற்கும். அதனால் ரிப்போர்ட் வாங்குபவர்கள் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், மொத்தக் குறியீட்டைப் பாருங்கள். எத்தனை மார்க்கர் என்று பாருங்கள். அம்மாவின் சாம்பிள் சேர்க்கப்பட்டதா என்று பாருங்கள்.

மலர்விழி:

இவ்வளவு கணக்கு பேசுகிறோம், அந்தப் பெண்ணைப் பற்றி யாருமே பேசவில்லை. கணவன் பிள்ளையின் வாயில் பஞ்சைத் தேய்த்து ரகசியமாக அனுப்புகிறார், முடிவு சந்தேகத்தைப் பெருக்குகிறது, நேராக வக்கீலிடம் போகிறார். நாளை இந்தப் பையன் வளர்ந்து, தன்னை நான்கு வயதில் அப்பா இப்படிச் சோதித்தார் என்று தெரிந்துகொள்வான். பிரிட்டனில் ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவர் டிஎன்ஏவைச் சோதிப்பது 2006 முதல் குற்றம். இங்கே டிஎன்ஏ தொழில்நுட்ப மசோதா 2019இல் மக்களவைக்கு வந்து 2023இல் திரும்பப் பெறப்பட்டது, தனிச் சட்டம் என்று ஒன்றும் இல்லை. அதனால்தான் கிட் விற்பவர்கள் யாரையும் எதையும் கேட்பதில்லை.

கொங்குமணி அண்ணா, உங்கள் நண்பரிடம் மனைவியிடம் பேசச் சொல்லுங்கள். சோதனை எப்படியும் அவரில்லாமல் சரியாக நடக்காது போலிருக்கிறதே.

ஆய்வகத் தமிழன்:

மலர்விழி சொல்வது அறத்துக்கும் சரி, அறிவியலுக்கும் சரி. அம்மாவின் சாம்பிள் இருந்தால், பிள்ளையிடம் இருக்கும் இரண்டு எண்ணில் எது அப்பா பக்கம் என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே "பொருந்துகிறது" என்று போட வேண்டியிருக்கிறது. சோதனையின் கூர்மை அங்கேயே மழுங்கிவிடுகிறது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாய்மாமனைக் கட்டிய பெண் என்று வையுங்கள். கணவர் அவருக்கு ரத்த சொந்தம். பிள்ளை யாருக்குப் பிறந்திருந்தாலும், அம்மா வழியாகவே அந்தக் கணவரோடு கொஞ்சம் டிஎன்ஏ பொதுவாக இருக்கும். அம்மாவை விட்டுவிட்டுச் சோதித்தால் அந்தப் பொதுத்தன்மை தந்தைமை மாதிரி தோற்றம் காட்டும். வெளிநாட்டு கிட் ஆய்வகங்கள் "பெற்றோர் இருவரும் உறவினரா" என்று படிவத்தில் கேட்கின்றனவா என்று பாருங்கள். கேட்காவிட்டால் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

தாமிரபரணி வக்கீல்:

சட்டப் பக்கம் நான் சொல்கிறேன். அந்த கிட் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல நீதிமன்றத்துக்குப் போனால் ஒன்றும் நடக்காது. சாம்பிள் யாருடையது என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. நீதிமன்றம் உத்தரவிட்டு நடக்கும் சோதனையில் அம்மா, பிள்ளை, அப்பா மூவரும் நேரில் வர வேண்டும். அடையாள அட்டை, புகைப்படம், கையெழுத்து, சீல், எல்லாம் இருக்கும். பிறகுதான் தடய அறிவியல் துறைக்கோ ஹைதராபாத்தில் உள்ள டிஎன்ஏ ஆய்வு மையத்துக்கோ போகும்.

அதைவிட முக்கியம், நீதிமன்றம் அவ்வளவு எளிதாக உத்தரவிடாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 112ஆவது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 116. திருமண உறவு நிலுவையில் இருக்கும்போது பிறந்த குழந்தை கணவனுடையதுதான் என்று சட்டம் முடிவாக எடுத்துக்கொள்கிறது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று கணவன் நிரூபித்தால்தான் அது உடையும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. 1993இல் கௌதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், கேட்டவுடன் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக்கூடாது என்றது. 2023இல் அபர்ணா ஃபிரோடியா வழக்கில், கணவன் மனைவி சண்டையில் குழந்தையை ஆயுதமாக்கக்கூடாது, தன் பிறப்பைக் கேள்விக்குள்ளாக்காமல் இருக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று தெளிவாகச் சொன்னது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2014இல் நந்த்லால் பட்வாயிக் வழக்கில் ஏற்கெனவே சோதனை நடந்து, திரும்பவும் நடந்து, இரண்டிலும் அவர் தந்தை இல்லை என்றே வந்தது. சட்டத்தின் அனுமானமும் அறிவியல் ஆதாரமும் மோதினால் அறிவியல்தான் நிற்கும் என்று சொல்லி, ஜீவனாம்சத்திலிருந்து விடுவித்தார்கள். ஆனால் அந்தக் கட்டத்துக்குப் போவதற்கு முன் சோதனை நடக்க வேண்டுமே.

பழையபுத்தகம்:

இந்த நம்பகத்தன்மைக் கேள்விக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. டிஎன்ஏவுக்கு முன்பு ரத்த வகைதான் ஆதாரம், அதனால் "இவர் இல்லை" என்று மட்டுமே சொல்ல முடியும். அதையும் நீதிமன்றம் கேட்டுக்கொள்ளாத காலம் இருந்தது. 1940களில் கலிபோர்னியாவில் சார்லி சாப்ளின் மேல் தந்தைமை வழக்கு. குழந்தை பி, அம்மா ஏ, சாப்ளின் ஓ. அவர் தந்தையாக இருக்கவே முடியாது. ஆனாலும் ஜூரி அவர்தான் தந்தை என்று தீர்ப்பளித்து, அவர் பணம் கட்டினார்.

1984 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் டிஎன்ஏ ரேகையைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே, கானாவிலிருந்து திரும்பி வந்த ஒரு சிறுவன் அந்தத் தாயின் மகன்தான் என்று நிரூபிக்க அது பயன்பட்டது. முதல் பயன்பாடே ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்ததுதான். நம் பக்கம் ஹைதராபாத் சிசிஎம்பியில் (செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்) விஞ்ஞானி லால்ஜி சிங், கட்டுவிரியன் பாம்பின் டிஎன்ஏவிலிருந்து எடுத்த துணுக்கை வைத்துத் தனியாக ஒரு முறையை உருவாக்கினார். 1980களின் கடைசியில் கேரளத்தின் தலைச்சேரியில் ஒரு தந்தைமை வழக்கில் அது சாட்சியமானது. கேரள உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும் வழக்கு சாமியார் பிரேமானந்தா வழக்கு. ஆசிரமப் பெண் ஒருவரின் கலைக்கப்பட்ட கருவின் டிஎன்ஏவை சிசிஎம்பி சோதித்து, அவர்தான் தந்தை என்றது. எதிர்த்தரப்பு இங்கிலாந்திலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்து அந்த முடிவை மறுத்துச் சாட்சி சொல்ல வைத்தது. 1997இல் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் சிசிஎம்பியின் முடிவை ஏற்றது, 2005இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

விடாக்கண்டன்:

வரலாறு என்றால் தோல்வியையும் சொல்லுங்கள் ஐயா. 1989இல் நியூயார்க்கின் காஸ்ட்ரோ வழக்கில் என்ன நடந்தது?

பழையபுத்தகம்:

சொல்கிறேன். அது கொலை வழக்கு. கடிகாரத்தில் இருந்த ரத்தக்கறை யாருடையது என்பது கேள்வி. தனியார் ஆய்வகம் பொருந்துகிறது என்றது. மரபியல் அறிஞர் எரிக் லாண்டர் போன்றவர்கள் ஆய்வகம் பட்டைகளை எப்படி எண்ணியது என்று துருவிப் பார்த்தார்கள். தான் வகுத்துக்கொண்ட விதியையே ஆய்வகம் பின்பற்றவில்லை. கடைசியில் இரு தரப்பு நிபுணர்களும் சேர்ந்து உட்கார்ந்து, இந்த ஆதாரம் போதாது என்று ஒரே அறிக்கை கொடுத்தார்கள். நீதிபதி, "பொருந்தவில்லை" என்று காட்டும் முடிவை ஏற்கலாம், "பொருந்துகிறது" என்பதை ஏற்க முடியாது என்றார். அன்றைய முறையில் படச்சுருளில் தெரியும் பட்டைகளைக் கண்ணால் ஒப்பிட்டார்கள். இன்று கருவி எண்ணாகவே தருகிறது என்பதால் அந்தக் குறை பெருமளவு போய்விட்டது. ஆய்வகத்தைக் கேள்வி கேட்கும் வழக்கம் உருவானதே அந்த வழக்குக்குப் பிறகுதான். அங்கீகாரம், தரச் சோதனை எல்லாம் அதையொட்டி வந்தவை.

ஆய்வகத் தமிழன்:

உண்மைதான். இன்றைக்கு முறை தோற்பதில்லை, மனிதர்கள்தான் தவறுகிறோம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் ஒரு குடும்பத்தின் மூன்று குழாய்களில் இரண்டின் லேபிள் மாறிவிட்டது. கண்டுபிடித்தது பாலின மார்க்கர். ஒவ்வொரு கிட்டிலும் ஆணா பெண்ணா என்று காட்டும் ஒரு மார்க்கர் உண்டு. அப்பா என்று ஒட்டியிருந்த குழாயில் எக்ஸ் மட்டும் வந்தது, ஒய்க்கான பீக்கே (கருவி வரையும் படத்தில் எழும் முனை) இல்லை. அம்மா குழாயில் ஒய். உடனே நிறுத்தி, மூவரையும் திரும்ப வரவழைத்து எடுத்தோம். அதே குழப்பம் இரண்டு ஆண்களுக்கிடையில் நடந்திருந்தால் அந்த மார்க்கர் காப்பாற்றியிருக்காது. அதனால்தான் நல்ல ஆய்வகங்களில் விலக்கும் முடிவு வந்தால், சாம்பிளை முதலிலிருந்து இன்னொருவர் திரும்பச் செய்து பார்த்த பிறகே ரிப்போர்ட் போகும். உங்கள் ஆய்வகத்தில் அப்படிச் செய்கிறார்களா என்று கேளுங்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இந்தச் சோதனைக்கே இருக்கிறதா என்றும் கேளுங்கள். அங்கீகாரம் ரத்தச் சர்க்கரை பார்ப்பதற்கு இருந்து, டிஎன்ஏவுக்கு இல்லாமல் இருக்கலாம்.

கொங்குமணி:

எல்லோருக்கும் நன்றி. அவரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். திங்கட்கிழமை பயணம் நின்றது. ஆனால் முதலில் சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டுக் குடும்பம். காதில் போடப்பட்ட பேச்சு அவருடைய சொந்த அண்ணனைப் பற்றியது. இது கணக்கை மாற்றுமா? ஒய் குரோமோசோம் சோதனை என்று ஒன்று இருக்கிறதாமே, அதைச் செய்தால் தெரிந்துவிடுமா?

ஆய்வகத் தமிழன்:

மாற்றும். நல்லவேளை சொன்னீர்கள்.

நான் மேலே சொன்ன கணக்கில் மாற்று ஆள் என்பவர் சம்பந்தமில்லாத யாரோ ஒருவர். அண்ணன் தம்பி என்றால், தந்தையிடமிருந்து பிள்ளைக்குப் போன எண் அவர் உடன்பிறந்தவரிடமும் இருக்க ஒவ்வொரு வரிசையிலும் பாதிக்கு மேல் வாய்ப்பு. அம்மாவும் இல்லாமல், 15 மார்க்கர் மட்டும் பார்த்தால், பிள்ளையின் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஒன்றிரண்டு வரிசை மட்டுமே முட்டி மற்றதெல்லாம் பொருந்துவது நடக்கக்கூடியது. எனவே இப்போதுள்ள ரிப்போர்ட் இரண்டு கதைக்கும் இடம் கொடுக்கிறது. நகலெடுப்பில் வந்த மாற்றமாகவும் இருக்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒய் சோதனை இங்கே பயன்படாது. ஒய் அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே போகிறது, பங்காளிகள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே ஒய்தான். அண்ணன், தம்பி, பெரியப்பா மகன், எல்லோரும் ஒன்றுபோலக் காட்டுவார்கள். பேச்சில் அடிபட்டவர் மாமன் மகனாகவோ மச்சானாகவோ இருந்தால் ஒய் பிரித்துக் காட்டிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். அம்மா, பிள்ளை, அப்பா மூவரும் நேரில் போய், 20க்கு மேல் மார்க்கர் பார்க்கும் ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். மாற்று ஆள் உடன்பிறந்த சகோதரர் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அப்போது ஆய்வகம் "இவரா, யாரோ ஒருவரா" என்று கணக்கிடாமல் "இவரா, இவர் சகோதரரா" என்று கணக்கிடும். பெரும்பாலும் இதிலேயே தெளிவாகிவிடும். அண்ணனை அழைக்க வேண்டிய அவசியம் அரிதாகத்தான் வரும்.

ஊர்சுற்றி:

இரட்டையர் என்றால்?

ஆய்வகத் தமிழன்:

ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையர் என்றால் இந்த மார்க்கர்களால் முடியாது. முழு டிஎன்ஏவையும் மிக ஆழமாகப் படித்து, ஒருவருக்கு மட்டும் வந்த ஒரு சில எழுத்து மாற்றங்களைத் தேட வேண்டும். 2014இல் அப்படி ஒரு ஆய்வு வெளியானது. செலவு அதிகம். இதைவிட அரிது, ஒரே உடலில் இரண்டு டிஎன்ஏ இருப்பது. அமெரிக்காவில் ஒருவர் தன் சொந்த மகனுக்குச் சித்தப்பா முறை என்று சோதனை காட்டியது 2015இல் செய்தியானது. கருவிலேயே கலந்துபோன இரட்டையரின் செல்கள் அவர் உடலில் இருந்தன. கொங்குமணி நண்பர் இதையெல்லாம் நினைத்துக் குழம்ப வேண்டாம்.

கொங்குமணி:

நேற்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார். அந்தத் தங்கச்சி நிறைய அழுதிருக்கிறது, கோபமும் பட்டிருக்கிறது. கடைசியில் "நானும் வருகிறேன், என் முன்னால் எடுக்கட்டும், முடிவை நான்தான் முதலில் படிப்பேன்" என்று சொல்லியிருக்கிறது. சரி என்று ஒப்புக்கொண்டார். ஒரு சந்தேகம். பையனுக்குப் போன வருஷம் டெங்கு வந்து ரத்தம் ஏற்றினார்கள். அது முடிவைக் கெடுக்குமா?

மலர்விழி:

அந்தப் பெண் கேட்டதில் தப்பே இல்லை. முடிவு என்ன வந்தாலும் பையன் காதில் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் அண்ணா.

ஆய்வகத் தமிழன்:

கெடுக்காது. ஏற்றிய ரத்தத்தின் செல்கள் கொஞ்ச நாள்தான் இருக்கும், மூன்று மாதத்துக்குள் ஏற்றியிருந்தால் மட்டும்தான் ஆய்வகங்கள் யோசிக்கும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்றால் கதை வேறு, ரத்தத்தில் கொடுத்தவரின் டிஎன்ஏதான் வரும். இருந்தாலும் படிவத்தில் டெங்கு விஷயத்தை எழுதிவிடுங்கள், ரத்தத்துக்குப் பதில் கன்னத்தில் எடுக்கச் சொல்லுங்கள். எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து பையனுக்கு எதுவும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம், தண்ணீரில் வாய் கொப்பளித்தால் போதும். மூவரின் பஞ்சுக்குச்சியும் தனித்தனி உறையில் போகிறதா, உறை மேல் பெயர் உங்கள் கண்முன்னே எழுதப்படுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ரிப்போர்ட்டோடு பீக் படத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அந்த டி18எஸ்51 வரிசையை நான் பார்க்க வேண்டும்.